சர்க்கரையால் விழித்திரைக்கு ஒரு லேசர், கிளாகோமா என்கிற கண் அழுத்த நோய்க்கு ஒரு லேசர் என்று இரண்டு செய்யச் சொல்கிறார்கள். செய்தால் பார்வை தெளியுமா? ரொம்ப வலிக்குமா?

தெளியாது. இருக்கிற பார்வை போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் லேசர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் "லேசர் வெச்சாங்க, கண்ணே போச்சு" என்று சொல்லித் திரிகிறவர்கள் பெரும்பாலும் தெளியும் என்று நம்பிப் போனவர்கள். என் சொந்தத்திலேயே ஒருவர் இருக்கிறார். கண்ணுக்குள் ரத்தம் கசிந்து நூல் நூலாக மிதக்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிப் பக்கமே போனார். அப்புறம் குறைந்ததற்கெல்லாம் பழி லேசர் மேல். எனக்கு லேசர் என்று தெரிந்ததும் முதல் ஆளாக போன் போட்டுப் பயமுறுத்தியவரும் அவர்தான்.

உங்களுக்கு இப்போது பார்வை நன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. "நல்லாத்தானே தெரியுது, எதுக்கு கண்ணைச் சுடணும்?" என்று தோன்றும். ரத்த ஓட்டம் குறைந்த விழித்திரை, ஆக்சிஜன் போதாமல் புது ரத்தக் குழாய்களை வளர்க்கச் சொல்லித் தூண்டும். அவை நோஞ்சான் குழாய்கள், எப்போது வேண்டுமானாலும் உடையும். அதனால் விழித்திரையின் ஓரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னப் புள்ளிகளாகச் சுடுகிறார்கள். ஓரத்தின் ஆக்சிஜன் தேவை குறைந்ததும் புதுக் குழாய்கள் சுருங்கிவிடும். ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காப்பாற்றுவது, அவ்வளவுதான். இந்த முறை கடும் பார்வை இழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 1976-லேயே காட்டிவிட்டது.

வலி விஷயம். மரத்துப்போக சொட்டு மருந்து விட்டு, தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தச் சொன்னார்கள். கண் மேல் ஜெல் தடவிய ஒரு கண்ணாடி வில்லை, சில்லென்று. பிறகு பச்சை வெளிச்சம், பளீர் பளீர் என்று. முதலில் ஒன்றுமில்லை. "மூக்குப் பக்கம் பாருங்க, இப்ப காதுப் பக்கம்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். சில இடங்களில் மட்டும் கண்ணுக்குப் பின்னால் யாரோ ஊசி இறக்கியது போல் சுருக்கென்றது. பல்லைக் கடிக்காமல் சொல்லிவிட்டேன். "அங்கே நரம்பு போகுது" என்று வேகத்தைக் குறைத்து வைத்தார். நீங்களும் சொல்லுங்கள், தலையை மட்டும் பின்னால் இழுத்துவிடாதீர்கள். முடிந்து எழுந்தபோது எல்லாம் மங்கலாக, ஊதா பூசியது போல் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சரியானது. துணைக்கு ஆளில்லாமல் போக வேண்டாம்.

கிளாகோமா லேசர் வேறு கதை. அங்கே விழித்திரையைத் தொடுவதில்லை. கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற சல்லடையில் லேசாக அடித்து, வடிகாலைச் சுறுசுறுப்பாக்குகிறார்கள். சில நிமிஷ வேலை, எனக்கு வலியே இல்லை. 26 இருந்த கண் அழுத்தம் சில வாரங்களில் 19-க்கு வந்தது. இது நிரந்தரம் இல்லை, வருஷங்கள் போனால் பலன் குறையலாம். ஏற்கெனவே கிளாகோமாவால் போன பார்வையும் திரும்பாது. கோணம் மூடிய வகை, அதாவது நீர் வடிகிற மூலை அடைபட்ட வகை என்றால், கருவிழித் திரையில் (ஐரிஸ்) சின்னத் துளை போடுவார்கள். சர்க்கரையால் வந்த புதுக் குழாய்களே வடிகாலை அடைத்திருந்தால், அந்தக் கிளாகோமாவுக்கும் விழித்திரை லேசர்தான் அடிப்படை வைத்தியம். உங்களுடையது எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள்.

"புதுக் குழாய்களை அடக்கக் கண்ணுக்குள் போடும் ஊசி வந்த பிறகு விழித்திரைக்கு லேசரா, எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்?" என்று கீழே யாராவது கேட்கத்தான் போகிறார்கள். தெரியும் சார். நடு விழித்திரை வீங்கியிருந்தால் ஊசிதான் முதலில் என்பதும் தெரியும், 2015-ல் வந்த ஆய்வில் ஊசி லேசருக்குக் குறைந்ததில்லை என்று வந்ததும் தெரியும். ஆனால் ஊசியின் பலன் தீர்ந்துபோகும். நடுவில் வராமல் விட்டால் குழாய்கள் மறுபடி கிளம்பிவிடும். எனக்கு அலைச்சல் வேலை, தவறாமல் வருவேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அதனால் டாக்டரோடு பேசித்தான் லேசருக்கு ஒப்புக்கொண்டேன். நான் டாக்டர் இல்லை, யாரையும் இதைத்தான் செய் என்று சொல்லவும் இல்லை.

நஷ்டமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருட்டில் கண் பழக முன்பைவிட நேரம் எடுக்கிறது. எதிரே ஹைபீம் போட்டுக்கொண்டு ஒருவன் வந்தால் ஓரம் கட்டி நின்றுவிடுகிறேன். பக்கவாட்டிலும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

லேசருக்குப் பிறகும் எனக்கு ஒரு சொட்டு மருந்து தொடர்கிறது. அந்தக் குப்பியைத் தயாரிக்கிற புண்ணியவான்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கண் தெரியாதவன் வாங்கும் பொருளில் பெயரை எறும்பு சைஸில் அச்சடிக்கலாமா? கூட வரும் தாளை நாலாய் எட்டாய் மடித்து, அதற்குள் பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாத எழுத்து. எல்லாக் குப்பியும் ஒரே உயரம், ஒரே வெள்ளை. ராத்திரி எது எது என்று தெரியாமல் என் மகள்தான் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எண் எழுதி ஒட்டினாள். இதற்குக்கூடவா ஆராய்ச்சி தேவை?