பழைய ஜப்பானிய மைக்கட்டியைத் தேய்த்து எழுதலாமா, பெட்டியிலேயே பத்திரமாக வைக்கலாமா?

தேய்த்து எழுதுங்கள். தங்கப் பூச்சும் செதுக்கு வேலையும் அழிந்துபோகுமே என்ற உங்கள் தயக்கம் எனக்கும் இருந்தது. ஆறு கட்டிகளை மூன்று வருடம் தொடாமல் வைத்திருந்தவன் நான்.

மனம் மாறியது நாரா நகரில். ஜப்பானில் செய்யப்படும் சுமியில் (மைக்கட்டியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) பெரும்பங்கு அந்த ஊரில்தான் உருவாகிறது. 1577-இல் தொடங்கிய கோபாயென் என்ற மைக்கட்டித் தொழிலகம் இன்றும் அங்கே இயங்குகிறது. நம் வீடுகளில் கண்மைக்குப் புகை பிடிப்பார்களே, அதே முறைதான்: எண்ணெய் விளக்கை ஏற்றி, மேலே மண்சட்டியைக் கவிழ்த்து, படிகிற கரியைச் சுரண்டி எடுக்கிறார்கள். அதோடு நிகாவா என்ற விலங்குப் பசையும் (நம் தச்சர்கள் சொல்லும் வஜ்ரம் மாதிரி) வாசனைப் பொருளும் சேர்த்துப் பிசைந்து, பேரிமர அச்சில் அழுத்துகிறார்கள். வெயில் காலத்தில் பசை கெட்டுவிடும் என்பதால் குளிர்மாதங்களில் மட்டுமே இந்த வேலை. பிறகு சாம்பலுக்குள் புதைத்து, நாளுக்கு நாள் ஈரம் குறைந்த சாம்பலுக்கு மாற்றி, கடைசியில் வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் உலர்த்துகிறார்கள்.

உங்கள் கேள்விக்கான பதில் அந்தப் பசையில்தான் இருக்கிறது. வருடங்கள் போகப் போக அதன் பிடி தளர்கிறது. சில பத்தாண்டு கடந்த கட்டியைத் தேய்த்தால் மை இலகுவாக ஓடும். கோட்டின் கருமையும் அதைச் சுற்றிப் படர்கிற சாம்பல் நிறமும் தனித்தனியாகத் தெரியும். புதுக் கட்டியில் எனக்கு அது ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால் தளர்ச்சி அங்கேயே நிற்காது. பசை முழுக்கச் செத்துவிட்டால் கட்டி வெடித்து உதிர்ந்துவிடும். பெட்டிக்குள் இருந்தாலும் அதற்கு வயதாகிக்கொண்டுதான் இருக்கும்.

வாங்கும்போது எடையைப் பாருங்கள். மைக்கட்டியின் எடையை 'சோ' என்ற கணக்கில் சொல்வார்கள்; ஒரு 'சோ' என்பது 15 கிராம். விரிசல் ஓடியிருந்தால் தங்கம் எவ்வளவு மின்னினாலும் விட்டுவிடுங்கள்.

மை தேய்க்கும் கல்லில் சில சொட்டுத் தண்ணீர் போதும். அழுத்தாமல், கட்டியின் கனத்திலேயே மெதுவாகத் தேயுங்கள். முடிந்ததும் நுனியை உடனே துடைத்துவிடுங்கள். ஒருமுறை நான் ஈரத்தோடு கல்மேலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் கட்டி கல்லோடு ஒட்டியிருந்தது; பிரித்தபோது ஒரு மூலை பெயர்ந்து வந்துவிட்டது. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. வெயிலும் ஏசிக் காற்றும் படாத இடத்தில், கிரி (பாலோனியா) மரப்பெட்டி கிடைத்தால் அதில் வையுங்கள். வெப்பமும் ஈரமும் திடீரென்று மாறினாலும் விரிசல் விழும்.

கையில் பிடிக்க முடியாத அளவு சிறுத்த துண்டையும் எறிய வேண்டாம். கெட்டியாகத் தேய்த்த மையையே பசையாகத் தடவி, இன்னொரு கட்டியின் நுனியில் ஒட்டிக்கொள்ளலாம். நான் முதலில் வாங்கிய கட்டி இப்போது அப்படித்தான் இன்னொன்றின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.