அதிக மாங்கனீஸ் எஃகில் துத்தநாகம் பிடிக்கவில்லை, விளிம்பும் வெடிக்கிறது: காரணமும் தீர்வும்

கேள்வி: 18% மாங்கனீஸ் உள்ள 1 மி.மீ. தகட்டை ஆசிட்டில் கழுவி, 5% ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனில் 800 டிகிரியில் அனீலிங் செய்து (மென்மையாக்கச் சூடாக்கி) துத்தநாகத்தில் முக்குகிறோம். ஆங்காங்கே பூச்சு பிடிக்காத திட்டுகள். ஆசிட் கழுவலை நீட்டினோம், உலை வாயுவை ஈரமாக்கினோம். திட்டுகள் இன்னும் கூடின. கிண்ணமாக இழுத்த பாகங்களும் மூன்று நான்கு நாளில் விளிம்பிலிருந்து பிளக்கின்றன.

பதில்: ஆசிட் கழுவலை முதலில் பழைய நேரத்துக்கே கொண்டுவாருங்கள். தொல்லை தரும் ஆக்சைடு அந்தக் கட்டத்தில் இன்னும் உருவாகவே இல்லை. அதற்குப் பிறகு உலையில்தான் பிறக்கிறது. நீண்ட கழுவல் படிக எல்லைகளை அரித்து, பின்னாளில் விரிசல் தொடங்க இடம் கொடுப்பதுதான் மிச்சம்.

உலை வாயு இரும்பு ஆக்சைடை இரும்பாக மாற்றிவிடும். மாங்கனீஸ் அப்படி விட்டுக்கொடுக்காது. பனிநிலை (வாயுவின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை; குறையக் குறைய வாயு உலர்ந்தது) −50 டிகிரி ஆனாலும் மிஞ்சிய ஈரமே அதை ஆக்சைடாக்கப் போதும். அந்தப் படலத்தின் மேல் உருகிய துத்தநாகம் படராது.

வாயுவை ஈரமாக்கும் யோசனை 2–3% மாங்கனீஸ் உள்ள எஃகுக்கு உரியது. அங்கே ஆக்சிஜன் உள்ளே புகுந்து, மேலே வரும் முன்பே மாங்கனீஸைப் பிடித்துவிடும். மேற்பரப்பு பெரும்பாலும் இரும்பாக நிற்கும். 18 சதவீதத்தில் மாங்கனீஸ் வந்துகொண்டே இருப்பதால் வெளிப்படலம்தான் தடிக்கிறது. திட்டுகள் கூடியது இதனால்தான். எனவே வாயுவை உலர்த்துங்கள்: பனிநிலை −50 அல்லது அதற்கும் கீழே. தேவையான மென்மை கிடைக்கும் அளவுக்கு மேல் வெப்பமோ நேரமோ வேண்டாம். படலம் மெல்லியதாக இருந்தால் துத்தநாகத்தில் கரைந்த அலுமினியமே அதை உடைத்துவிடும். அதற்கு அலுமினியம் 0.2 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். ஒரு துண்டைத் துத்தநாகத்தில் முக்காமல், வாயுவிலேயே ஆறவிட்டு எடுத்துப் பாருங்கள். பச்சைச் சாயல் தெரிந்தால் படலம் இன்னும் தடிமன்தான். உலர்த்தியும் சரிவராவிட்டால், உலைக்கு முன் மெல்லிய இரும்பு அல்லது நிக்கல் முலாம் பூசுவது அடுத்த வழி.

வெடிப்புக்கு வருவோம். நாள் கழித்து வெடிப்பது ஹைட்ரஜனின் அடையாளம். ஆனால் ஹைட்ரஜன் தனியாக வெடிக்க வைப்பதில்லை: இழுத்த கிண்ணத்தின் விளிம்பில் தங்கும் இழுவிசை அதற்குத் துணை. 800 டிகிரியில் உலை வாயுவிலிருந்தே ஹைட்ரஜன் எஃகுக்குள் ஏறும். 200 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்டால் வெளியேறிவிடும் என்ற வழக்கமான தீர்வை இங்கே நம்ப வேண்டாம். ஆஸ்டினைட்டில் (இந்த எஃகின் படிக அமைப்பில்) ஹைட்ரஜன் மிக மெதுவாகவே நகரும், 1 மி.மீ. தகட்டுக்கே நாள்கணக்கில் ஆகும், மேலே துத்தநாகம் வேறு மூடிக்கிடக்கிறது.

மூன்று வகைக் கிண்ணங்களை ஒரே இழுப்பு விகிதத்தில் (தகட்டு வட்டின் விட்டத்துக்கும் கிண்ணத்தின் விட்டத்துக்கும் உள்ள விகிதம்) செய்து இரண்டு வாரம் தினமும் பாருங்கள்: பூச்சில்லாதது, பூசியது, வெட்டு விளிம்பைத் தீட்டிப் பூசியது. மூன்றும் வெடித்தால் கோளாறு இழுப்பிலோ எஃகிலோ இருக்கிறது, விகிதத்தைக் குறையுங்கள். பூசிய இரண்டும் வெடித்து, பூச்சில்லாதது தப்பினால் உலை வாயுவின் ஹைட்ரஜன் அளவைக் குறைத்துச் சோதியுங்கள். பூசிய இரண்டில் தீட்டியது மட்டும் தப்பினால் வெட்டும் அச்சைக் கூராக்குங்கள்.

ஏறத்தாழ 1.5% அலுமினியம் சேர்த்த எஃகு ரகம் இந்த வெடிப்பை நன்றாகத் தாங்கும். ஆனால் அந்த அலுமினியமும் உலையில் ஆக்சைடாகும், அதைத் துத்தநாகத் தொட்டியிலுள்ள அலுமினியம் உடைக்க முடியாது. ரகம் மாற்றினால் பூச்சுச் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.