அமெரிக்காவில் ஆலை மூடினால் ஆம்பூர்ப் பெண் மெக்கட்ரானிக்ஸ் படிக்கக் கூடாதா?

வணக்கம் அம்மா,

சனிக்கிழமை நீங்கள் காட்பாடிக்கு வந்து கேட்ட கேள்விக்கு, வெளியே ஆட்கள் காத்திருந்ததால் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை எழுதிவிடுகிறேன்.

மகள் மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ கேட்கிறாள், அதாவது இயந்திரம், மின்னணு, கணினிக் கட்டுப்பாடு மூன்றும் சேர்ந்த படிப்பு. உங்கள் தம்பியோ, "அமெரிக்காவிலயே ஃபேக்டரி எல்லாம் மூடிட்டான், பேசாம பி.சி.ஏ. சேர்த்து விடு" என்கிறார். பதினாறு வருஷமாக ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறீர்கள். ஆர்டர் குறைந்தால் வீட்டில் என்ன ஆகும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயம் நியாயம்தான். ஆனால் அங்கே ஏன் மூடினார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.

தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. 1979இல் அமெரிக்காவில் ஆலை வேலையில் இருந்தவர்கள் சுமார் ஒரு கோடியே 95 லட்சம் பேர். 2010 தொடக்கத்தில் அது ஒரு கோடியே 15 லட்சமாக இறங்கிவிட்டது. ஓஹியோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்று ஓர் எஃகு ஊர். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, அங்கே ஒரு பெரிய ஆலையை மூடுவதாக அறிவித்தார்கள். சுமார் 5,000 பேருக்கு வேலை போனது. அந்த நாளுக்குக் கறுப்புத் திங்கள் என்றே பேர் நின்றுவிட்டது.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அங்கே ஆள் குறைந்த அளவுக்கு உற்பத்தி குறையவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஒரு டன் எஃகுக்கு ஏறக்குறைய பத்து மணி நேர ஆள் உழைப்பு தேவைப்பட்டது. இப்போது இரண்டு மணி நேரம்கூட ஆவதில்லை. பழைய இரும்பை மின் உலையில் உருக்கும் சின்ன ஆலைகளும், தானாக ஓடும் இயந்திரங்களும் வந்துவிட்டன.

அடுத்த காரணத்தில் நம் ஊரே இருக்கிறது. மாசசூசெட்ஸில் பீபடி என்பது தோல் ஊர், பிராக்டன் ஷூ ஊர். நம் ராணிப்பேட்டையும் ஆம்பூரும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கூலி ஏறியது. 1972இல் வந்த தண்ணீர் மாசுச் சட்டத்தால் கழிவைச் சுத்தம் செய்யும் செலவும் ஏறியது. கூலி மலிவான நாடுகளுக்கு வேலை நகர்ந்தது. பாலாற்றங்கரையில் தோல் தொழில் அதற்கு முன்பே உண்டு என்றாலும், வெளிநாட்டு ஷூவுக்கு அப்பர் தைக்கும் வேலை இவ்வளவு பெருகியது இப்படித்தான். இன்று அமெரிக்காவில் விற்கும் ஷூக்களில் கிட்டத்தட்ட எல்லாமே வெளியே செய்தவை. வேலையோடு கழிவும் நம்மிடம் வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான். அதை மறந்துவிட்டு இந்தத் தொழிலைப் பற்றி என்னால் பேச முடியாது.

பணத்தின் கதையும் சேர்ந்துகொண்டது. விலைவாசியை அடக்க 1981 வாக்கில் அங்கே வட்டியை 20% வரை ஏற்றினார்கள். வெளிப்பணம் டாலரைத் தேடி ஓடியது, டாலர் ஏறியது, அமெரிக்கச் சரக்கு வெளிநாட்டில் விலை கூடி நின்றது. 1985இல் ஐந்து நாடுகள் கூடி டாலரை இறக்குவதற்குள் கைவிட்டுப் போன ஆர்டர்கள் ஏராளம். பிறகு 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது, அடி இன்னும் பலமானது. இன்னொன்று, கையில் காசு சேரச் சேர மக்கள் மருத்துவம், படிப்பு, ஓட்டல் என்றுதான் அதிகம் செலவழிக்கிறார்கள், வேலையும் ஆலையை விட்டு அந்தப் பக்கம் போகிறது. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி எத்தனை லாட்ஜ், எத்தனை மெஸ் என்று பார்த்தாலே தெரியும்.

ஜெர்மனியிலும் கூலி அதிகம்தான், இப்போது நெருக்கடியும் உண்டு. ஆனாலும் அங்கே பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆலை உற்பத்தி. அமெரிக்காவில் பத்தில் ஒரு பங்குதான். வாரத்தில் சில நாள் பள்ளி, மீதி நாள் ஆலையில் பயிற்சி என்று பிள்ளைகளைத் தயார் செய்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

என் அப்பா ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மை ஓட்டினார். தோல் ஏற்றுவார், மருந்து ஊற்றுவார், இறக்குவார். தொண்ணூறுகளில் அந்த இடத்தை மூடினார்கள். அதே ஷிஃப்டில் மோட்டாரும் கியரும் பார்த்த ஃபிட்டரைப் பத்தே நாளில் வேறு கம்பெனி கூப்பிட்டுக்கொண்டது. அப்பா இரண்டு வருஷம் வீட்டில் இருந்தார். காலையில் பழக்கத்தில் ஐந்து மணிக்கு எழுந்து, டிபன் பாக்ஸ் இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார். ஒரே வேலையை மட்டும் தெரிந்துவைத்திருந்தார், அதுதான் வினையாகிவிட்டது. உங்கள் மகள் கேட்பது அந்த ஃபிட்டரின் வேலை, அம்மா. சென்சார், மோட்டார், அதை ஓட்டும் கன்ட்ரோல் புரோகிராம் மூன்றும் தெரிந்தால் ஷூ லைனுக்கும் போகலாம், டயர் கம்பெனிக்கும் போகலாம், கார் ஆலைக்கும் போகலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50% வரி போட்டதே, அப்படி ஒன்று மறுபடி வந்தாலும் அவளுக்கு வேறு கதவு இருக்கும்.

ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஹாங் ஃபூ ஷூ ஆலைக்கும் நாட்டினார்கள். இதை வைத்து வேலை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். பி.சி.ஏ. மோசம் என்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்யும் பெண்ணை, அவளுக்கு மனசில்லாத படிப்பில் தள்ள வேண்டாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அவள் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருப்பதால் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். முடித்தபின் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேர வழி உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றீர்கள், அப்படியானால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பியுங்கள், டிப்ளமோவுக்கும் உண்டு. கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒர்க்‌ஷாப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மெஷின் மேல் தூசி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மாணவிக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் அந்த மெஷினில் கை வைக்க விடுவார்கள் என்று, ஆபீஸில் கேட்காமல், அங்கே படிக்கிற பெண் யாரிடமாவது மகளையே கேட்கச் சொல்லுங்கள்.