பைத்தான் 3.8-ஐ இன்னும் சுமக்கணுமா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் தர்ற ஸ்டாக் மென்பொருள்ல பைத்தான்ங்கற நிரல்மொழியோட 3.8 பதிப்புக்கான ஆதரவை நிறுத்தலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா நிறுத்துங்க. 2024 அக்டோபரோட அதுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களே நின்னுபோச்சு.

சிக்கல் எங்கன்னா, குடோன் மூலையில கிடக்கற விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். அடுத்த பதிப்பான 3.9 அதுல ஓடவே ஓடாதுங்க. (ஓடிக்கிட்டிருக்கற மிஷினை மாத்த நம்மூர் ஓனருக்கு மனசு வராது, தெரிஞ்சதுதானே!) அதனால யார்கிட்ட எந்தப் பதிப்பு இருக்குன்னு முதல்ல கணக்கெடுங்க. அப்புறம் எந்தப் பைத்தான் பதிப்பு வேணும்னு சொல்ற 'ரிக்வயர்ஸ்-பைத்தான்' (requires-python) வரியில 3.10-ம் அதுக்கு மேலயும்னு போட்டு வெளியிடுங்க, 3.9-ம் 2025 அக்டோபர்ல முடிஞ்சுபோச்சு. பழைய பைத்தான்காரங்களுக்கு, மென்பொருளை இறக்கி நிறுவித் தர்ற 'பிப்' (pip) கருவி தானாவே அதுக்குப் பொருந்தற உங்க பழைய வெளியீட்டை எடுத்துக்கும். அந்தப் பழைய வெளியீடுகளை இடத்தை அடைக்குதுன்னு அழிச்சுப்போடாதீங்க.