புற்றுக்கட்டிச் செல்களுக்குள் எத்தனை தங்க நானோதுகள்கள் போயின என்பதை எக்ஸ் கதிரால் எப்படி அளக்கிறார்கள்?

செல்களை அமிலத்தில் கரைத்து மொத்தத் தங்கத்தை அளந்தால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கரைத்தால் கிடைப்பது சராசரி மட்டுமே; சில செல்கள் நிறைய விழுங்கி மற்றவை ஒன்றையும் தொடாதிருந்தாலும், துகள்கள் வெளிச்சவ்வில் வெறுமனே ஒட்டியிருந்தாலும் அந்த எண்ணில் அது தெரியாது. கதிர்வீச்சு சிகிச்சைக்குத் துணையாகத் தங்கத்தைச் செலுத்தும்போது, அதிலிருந்து தெறிக்கும் குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்கள் மிகச் சிறிய தூரமே செல்வதால், துகள் உட்கருவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே முக்கியமான கேள்வி.

அதற்கு நாங்கள் நம்பியிருப்பது எக்ஸ் கதிர் ஒளிர்வு நுண்ணோக்கியை. பிரான்சின் கிரெனோபிளில் உள்ளது போன்ற சிங்க்ரோட்ரான்களில் (எலக்ட்ரான்களை வளையத்தில் சுழலவிட்டு மிக வலிமையான எக்ஸ் கதிரை உண்டாக்கும் பெரிய எந்திரங்கள்), சில பத்து நானோமீட்டர் அளவுக்குக் குவித்த கதிரால், உறையவைத்த செல்லைப் புள்ளி புள்ளியாக வருடுகிறார்கள். கதிரின் ஆற்றல் 11.92 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியிருந்தால், தங்க அணுக்கள் 9.71 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தமக்கே உரிய கதிரை உமிழும். அதே வருடலில், உட்கருவில் செறிந்திருக்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும் தத்தம் கதிர்களைத் தருவதால் உட்கருவின் எல்லையும் கூடவே கிடைத்துவிடுகிறது. தனிச் சாயம் எதுவும் தேவையில்லை.

இங்கேதான் நான் தொடக்கத்தில் தவறினேன். உட்கருவுக்குள் தங்கம் பளிச்சென்று தெரிந்தது, மகிழ்ந்தேன். பிறகு தங்கமே கொடுக்காத செல்களை வருடியபோதும் அதே இடத்தில் அதே 'தங்கம்' தெரிந்தது. காரணம் துத்தநாகம்: அது உமிழும் கதிர்களில் இரண்டாவது (இவற்றைக் கோடுகள் என்போம்) 9.57 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், தங்கத்தின் 9.71-க்கு மிக அருகில் விழுகிறது. உணர்கருவியால் அந்த இரண்டையும் சரியாகப் பிரிக்க முடியவில்லை. அன்றிலிருந்து, தங்கத்தின் 11.44 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோட்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்காமல் எந்தப் படத்தையும் நான் ஏற்பதில்லை. துகள் கொடுக்காத செல்களை வருடுவதையும் யாரும் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எண்ணிக்கைக்கு வருவோம். அடர்த்தி தெரிந்த மெல்லிய படலத்தை அதே நிலையில் அளந்து, ஒளிர்வின் வலிமையை நிறையாக மாற்றுகிறோம். 50 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு தங்கக் கோளத்தின் நிறை ஏறத்தாழ 1.26 ஃபெம்டோகிராம் (ஒரு ஃபெம்டோகிராம் என்பது கிராமின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு), ஆகவே ஓரிடத்தில் 25 ஃபெம்டோகிராம் தங்கம் இருந்தால் அங்கே ஏறக்குறைய 20 துகள்கள் கொத்தாக இருக்கின்றன என்று கொள்ளலாம்.

ஆனால் ஒற்றைப் படம் என்பது நிழல்தான். உட்கருவின் மேலே மிதக்கும் துகளும் உள்ளே இருக்கும் துகளும் அதில் ஒன்றாகவே தெரியும். செல்லைத் திருப்பித் திருப்பிப் படமெடுத்து முப்பரிமாணமாக்கிய பிறகே 'உள்ளே' என்று எழுத வேண்டும். அதற்கு நேரம் இல்லாவிட்டால், 'உட்கருவின் பரப்புக்குள் தெரிகிறது' என்று எழுதுவதே நேர்மை.