ஊசி போட்ட மறுநாள் சுகர் ஏறினால்? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எனக்கு 62 வயது. 12 வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றில் பார்த்தால் 120, 130 தாண்டாது. போன வாரம் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை 188. அதற்கு அடுத்த நாள் 165. ஊசி மருந்தில் சர்க்கரை கலக்கிறார்களா? மாத்திரையைக் கூட்டிக்கொள்ளலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மாத்திரையைக் கூட்ட வேண்டாம். சில தடுப்பூசிகளில் மருந்து கெடாமல் இருக்க சுக்ரோஸ் சேர்ப்பது உண்மைதான். ஆனால் அது மில்லிகிராம் கணக்கு. ஒரு டீஸ்பூன் சர்க்கரை என்பது ஏறத்தாழ 5,000 மில்லிகிராம். ஊசியில் இருக்கும் துளி உங்கள் மீட்டரை அசைக்காது.

ஏறியது உங்கள் உடம்பிலேயே இருந்த சர்க்கரை. தடுப்பூசி உள்ளே போனதும் நோய் எதிர்ப்பு மண்டலம் நிஜக் கிருமி வந்துவிட்டதாக நினைத்து வேலையை ஆரம்பிக்கிறது. அப்போது சைட்டோகைன் என்ற ரசாயனங்கள் சுரக்கின்றன. கார்ட்டிசால், அட்ரினலின் ஹார்மோன்களும் கூடுகின்றன. இவை கல்லீரலில் சேர்ந்திருக்கும் குளுக்கோஸை ரத்தத்தில் இறக்கிவிடும். தசையில் இன்சுலின் செய்யும் வேலையையும் கொஞ்சம் மந்தமாக்கும். கை வலி, லேசான காய்ச்சல், தூக்கம் கெட்ட இரவு எல்லாம் இதோடு சேரும். காய்ச்சலோ சளியோ வந்தால் சுகர் ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான், அளவில் மிகச் சிறியது. பலருக்கு ஏற்றமே தெரியாது. தெரிந்தவர்களுக்கும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். உங்களுக்கு 188 மறுநாளே 165 ஆனதும் அதனால்தான்.

மாத்திரையைக் கூட்ட வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். கிளிமிபிரைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும் மருந்து. நாளை மறுநாள் தானாக இறங்கப்போகும் சுகருக்கு இன்று டோஸைக் கூட்டினால், ஏற்றம் போன பிறகும் கூடுதல் மருந்து உடம்பில் நிற்கும். 62 வயதில் 188-ஐ விட 55 ஆபத்தானது.

அடுத்த முறை ஊசி போட்டால் மூன்று நாள் காலை வெறும் வயிற்றிலும், மதியச் சாப்பாடு முடிந்து 2 மணி நேரத்திலும் பார்த்து எழுதிவையுங்கள். இரண்டு தடவை தொடர்ந்து 300-க்கு மேல் போனால் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒரு வாரம் கழித்தும் சுகர் பழைய இடத்துக்கு வரவில்லை என்றால் தடுப்பூசியைக் குற்றம் சொல்லிக்கொண்டு காத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, பல்லில் சீழ், காலில் புண் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஊசிக்குப் பிறகு தடிப்போ அரிப்போ வந்து யாராவது டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு போட்டிருந்தால், சுகர் எகிறுவது அதனால்தான். அது ஒன்றிரண்டு நாள், சில சமயம் அதற்கு மேலும் நீடிக்கும்.

ஊசி போட்ட களைப்புக்கு என்று ஜூஸ் பாக்கெட்டும் குளுக்கோஸ் தண்ணீரும் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஏறியதில் ஒரு பகுதி அதனாலேயே இருக்கலாம். மோரும் தண்ணீரும் போதும்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. காலை, இரவு இரண்டு வேளையும் 30/70 இன்சுலின், கூடவே டபாக்ளிஃப்ளோசின் மாத்திரை. நிமோனியா தடுப்பூசி போட்ட அன்று இரவு காய்ச்சல். வாய்க்குப் பிடிக்கவில்லை என்று ஒரு இட்லியோடு எழுந்துவிட்டார். இன்சுலினை எப்போதும்போல் போட்டோம். நடு இரவில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. மீட்டரில் 58. சர்க்கரை கொடுத்துச் சமாளித்தோம். ஊசியால் சுகர் ஏறும் என்றுதானே சொல்கிறார்கள்?
- வாசகர், தேனி

பதில்: அப்பாவின் சுகரை இறக்கியது தடுப்பூசி இல்லை, சாப்பிடாத இட்லி. தடுப்பூசிக்குப் பிறகு இப்படியும் நடப்பதுண்டு. எல்லாரும் ஏற்றத்துக்குப் பயந்திருக்கும்போது இறக்கம் வந்து நிற்கிறது.

30/70 இன்சுலினில் இரண்டு பங்காளிகள் இருக்கிறார்கள். 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யும், அது அந்த வேளைச் சாப்பாட்டுக்கு. 70 பங்கு மெதுவாக ஏறி நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே உச்சத்தில் இருக்கும். ராத்திரி ஒரு இட்லியோடு படுத்தால் இரண்டுக்கும் சேர்த்து உடம்பில் தீனி இல்லை. இந்த மருந்தை வழக்கமாகச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போடுகிறோம். உடம்புக்கு முடியாத நாளில் அங்கேதான் சிக்கல்: மருந்து உள்ளே போய்விட்டது, தட்டு அப்படியே இருக்கிறது.

அதனால் அடுத்த ஊசிக்குப் போவதற்கு முன்பே அவருடைய டாக்டரிடம் ஒரு சீட்டில் மூன்று எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முழுச் சாப்பாடு சாப்பிட்டால் எத்தனை யூனிட், பாதி சாப்பிட்டால் எத்தனை, ஒன்றும் இறங்காவிட்டால் எத்தனை. காய்ச்சல் நாளில் முதலில் தட்டை வையுங்கள். எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்த்துவிட்டு, சீட்டில் உள்ள அளவைப் போடலாமா என்பதையும் அவரிடமே கேட்டுவையுங்கள். சுகர் 100-க்குக் கீழே இருந்து, சாப்பாடும் இறங்கவில்லை என்றால், டாக்டரைக் கேட்காமல் சிரிஞ்சைத் தொட வேண்டாம். இதை வைத்து இன்சுலினை நாள் கணக்கில் நிறுத்திவிடவும் கூடாது. காய்ச்சலில் உடம்புக்கு அது தேவை. டைப் 1 (உடம்பில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காத வகை) நோயாளி என்றால் நாள் முழுவதும் நிற்கும் அடிப்படை இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

டபாக்ளிஃப்ளோசின் தனியாகப் பேச வேண்டிய விஷயம். இதுவும் எம்பாக்ளிஃப்ளோசினும் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிற மாத்திரைகள். சாப்பாடும் தண்ணீரும் குறைந்த நாளில் இவற்றைத் தொடர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம். மோசமான விஷயம், அப்போது சுகர் 180, 200 என்று சாதாரணமாகவே காட்டும். அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ஓயாத வாந்தி, வயிற்று வலி, வேகமாக ஆழமாக இழுக்கும் மூச்சு, இவற்றில் எது வந்தாலும் மீட்டர் என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சரியாகச் சாப்பிட முடியாத நாட்களில் இந்த மாத்திரையை நிறுத்திவைத்து, சாப்பாடு பழைய நிலைக்கு வந்த பிறகு தொடங்குவதுதான் முறை. வாந்தி, பேதி இருந்தால் மெட்ஃபார்மினுக்கும் அப்படித்தான். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு சாப்பிடுகிறவர்கள் சாப்பாடு இல்லாத வேளையில் அந்த மாத்திரையை விட்டுவிட வேண்டும். இவற்றையும் அதே சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.

வியர்வையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சல் இறங்கும்போதும் வியர்த்துக் கொட்டும், சுகர் இறங்கும்போதும் வியர்த்துக் கொட்டும். தொட்டுப் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. மீட்டர்தான் சொல்லும். ஊசி போட்ட அன்று படுக்கும் முன்பும், அலாரம் வைத்து 3 மணிக்கும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 70 தாண்டவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு. தாண்டியதும் இரண்டு பிஸ்கட்டோ கொஞ்சம் சாதமோ கொடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கையில் ஒட்டும் சென்சார் பயன்படுத்துகிறேன். தடுப்பூசிக்குப் பிறகு பாராசிட்டமால் போட்டேன். சென்சார் 240 என்றது, விரலில் குத்திப் பார்த்தால் 170. எதை நம்புவது?
- வாசகர், சென்னை

பதில்: விரலை. சென்சார்கள் தோலுக்கு அடியில் நடக்கும் ஒரு ரசாயன மாற்றத்தை வைத்து எண்ணைக் கணக்கிடுகின்றன. சில வகைகளில் பாராசிட்டமால் அந்த மாற்றத்தில் குறுக்கிட்டு, இல்லாத சர்க்கரையைக் காட்டும். வேறு சில வகைகள் அதிக அளவு வைட்டமின் சி மாத்திரைக்கு அப்படி ஏமாறும். உங்கள் சென்சார் எந்த ரகம் என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சாகியிருக்கும். அந்த 240-ஐ நம்பி இன்சுலின் போட்டிருந்தால், சுகர் அபாயகரமாக இறங்கியிருக்கலாம். சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் மீட்டரும் தப்பாகக் காட்டும்.

சென்சார் இல்லாத கையில் தடுப்பூசியைப் போடச் சொல்லுங்கள். வலிக்கிற கையை விட்டுவிட்டுச் சென்சார் பக்கமாகவே ஒருக்களித்துப் படுப்போம். அந்த அழுத்தத்தில் அது இல்லாத இறக்கத்தைக் காட்டி ராத்திரியில் அலறும். அப்போதும் விரலில் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சர்க்கரை சாப்பிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 10. சுகர் கட்டுக்குள் வந்த பிறகு தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: காத்திருக்க வேண்டாம். சுகர் எண் எதுவும் தடுப்பூசிக்குத் தடை இல்லை. கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத்தான் நிமோனியாவும் ஃப்ளூவும் கடுமையாக வரும். 2021 மார்ச் 1 முதல் 60 வயது தாண்டியவர்களுக்கும், இணைநோய் உள்ள 45 முதல் 59 வயதினருக்கும் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது, பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரை நோயும் கூடவே ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களை அரசு அந்த இணைநோய்ப் பட்டியலில் வைத்தது இதனால்தான். கடும் காய்ச்சல், வாந்தி, கீட்டோன் இருந்தால் மட்டும் சரியான பிறகு போடலாம்.

கேள்வி: மகளுக்குப் பள்ளியில் 10 வயதுக்கான டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி போட்டார்கள். இரண்டு மாதத்தில் டைப் 1 என்று கண்டுபிடித்தார்கள். ஊசிதான் காரணமோ என்று மனது அடித்துக்கொள்கிறது. 16 வயது ஊசியைப் போடலாமா?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: அந்த ஊசியால் வரவில்லை அம்மா. அதைப் போடவிட்டது உங்கள் தவறும் இல்லை. டைப் 1-ல் உடம்பின் எதிர்ப்பு மண்டலமே கணையத்தின் பீட்டா செல்களை அழிக்கிறது. அந்த அழிவு தாகமும் மெலிவும் தெரிவதற்குப் பல மாதங்கள், பல நேரம் வருடங்கள் முன்பே தொடங்கிவிடும். ஊசி போட்ட நாளில் அது உள்ளுக்குள் வெகுதூரம் போயிருந்திருக்கும். டென்மார்க்கில் 1990 முதல் 2000 வரை பிறந்த 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள். குழந்தைப் பருவத் தடுப்பூசிகளுக்கும் டைப் 1-க்கும் தொடர்பு காணப்படவில்லை.

16 வயது ஊசியைத் தாராளமாகப் போடுங்கள். அன்றும் மறுநாளும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், சுகர் பாருங்கள். 250-க்கு மேல் நின்றால் சிறுநீரில் கீட்டோன் பட்டை வைத்துப் பார்க்க வேண்டும். பட்டையை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், ராத்திரியில் கடை தேட வேண்டாம். வீங்கிய கையில் இன்சுலின் போடாமல் வயிற்றிலோ தொடையிலோ போடுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோயாளி எந்தெந்தத் தடுப்பூசி போட வேண்டும்? ஊசி போட்ட வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்யலாமா?
- வாசகர், மதுரை

பதில்: ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். நிமோனியா ஊசி எந்த வகை, எத்தனை டோஸ் என்பது வயதையும் முன்பு போட்டதையும் பொறுத்தது, டாக்டரிடம் கேளுங்கள். டெட்டனஸ் 10 வருடத்துக்கு ஒருமுறை. 50 வயது தாண்டியவர்களுக்கு அக்கி தடுப்பூசி இரண்டு டோஸ், 2 முதல் 6 மாத இடைவெளியில். இதற்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் மற்றவற்றைவிடக் கூடுதலாக வரும், இரண்டு நாள் வேலை இல்லாத நேரமாகப் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசி முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று. விரலில் குத்தும் கருவியை வீட்டில் இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் இந்த வைரஸ் பரவும். கணவன் மனைவி என்றாலும் ஆளுக்கு ஒரு கருவி வேண்டும்.

வெறும் வயிற்றுப் பரிசோதனையை ஊசிக்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். ஊசி போட்ட மறுநாள் எண்ணை வைத்து மருந்தை மாற்றினால் அந்த மாற்றம் அடுத்த பரிசோதனை வரை நிற்கும். ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரி என்பதால் அதை எந்த நாளிலும் எடுக்கலாம்.