ஈ.சி.ஜி.யில் ‘எர்லி ரீபோலரைசேஷன்’ என்று வந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: வயது 31, ஆண். புது வேலைக்கான மெடிக்கல் செக்கப்பில் எடுத்த ஈ.சி.ஜி. தாளில் ‘எர்லி ரீபோலரைசேஷன்’ என்று மெஷினே அச்சடித்திருக்கிறது. நெஞ்சுவலி, மயக்கம் எதுவும் வந்ததில்லை. தினமும் ஓடுகிறேன். ஆஞ்சியோ எடுக்க வேண்டுமா? ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா?

மருத்துவர் பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஆஞ்சியோ தேவையில்லை. தாராளமாக ஓடலாம். இது நோய் அல்ல, ஈ.சி.ஜி. கோட்டில் தெரியும் ஒரு வடிவம்.

இதயத்தின் கீழறைகளில் மின்னோட்டம் பரவுவதைக் காட்டும் உயரமான அலை முடியும் இடத்தை ‘ஜே’ புள்ளி என்போம். பெரும்பாலோருக்கு அது அடிக்கோட்டை ஒட்டியே இருக்கும். சிலருக்கு அடுத்தடுத்த இரண்டு லீடுகளிலாவது (லீடு என்பது இதயத்தை ஒரு கோணத்திலிருந்து பதியும் கோடு) 1 மி.மீ., அதாவது ஒரு சின்னக் கட்டம் அல்லது அதற்கு மேல் தூக்கி நிற்கும். அங்கே சிறு மேடோ வழுக்கலோ தெரியும். மெஷினில் 40 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டு எடுத்தால் இந்த மேடு மழுங்கிவிடும். அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு இடங்களில் இரண்டு விதமாக ரிப்போர்ட் வருவதுண்டு.

எத்தனை பேருக்கு இருக்கிறது? பின்லாந்தில் நடுவயதினர் 10,864 பேரின் ஈ.சி.ஜி.க்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். 5.8 சதவீதம் பேருக்கு இந்த வடிவம் இருந்தது. அதாவது ஏறக்குறைய பதினேழு பேரில் ஒருவர். இளைஞர்களிடமும், உங்களைப் போல ஓடிப் பழகி நாடித்துடிப்பு குறைந்தவர்களிடமும் இன்னும் அதிகம். ஓடும்போது துடிப்பு கூடினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

பயம் கிளம்பியது 2008இல். இதயத்தில் வேறு கோளாறு இல்லாமலே திடீரென இதயம் நின்று பிழைத்த 206 பேரில் 31 சதவீதத்தினரிடம் இந்த வடிவம் இருந்ததாக பிரெஞ்சு மருத்துவர் ஹைசகேர் குழு எழுதியது. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இந்த எண்தான். ஆனால் அது ஆபத்தில் சிக்கியவர்களிடமிருந்து பின்னோக்கி எண்ணியது. உங்கள் பக்கமிருந்து கணக்கிட்டால், இந்த வடிவம் இருந்தால் இளம் வயதினருக்கு அந்த ஆபத்து லட்சத்தில் 3.4 பேர் என்பதிலிருந்து 11 பேர் ஆகிறது என்பது அதே ஆண்டு வந்த இன்னொரு மதிப்பீடு. லட்சத்தில் 11 பேருக்காக மற்ற அத்தனை பேரையும் சோதனைகளுக்கு அலைக்கழிப்பதில் நியாயமில்லை. அறிகுறி இல்லாதவருக்கு மருந்து வேண்டாம், கவனித்து வந்தால் போதும் என்பதே 2017 அமெரிக்க வழிகாட்டுதலும்.

உங்கள் தாளை ஒரு இதய மருத்துவரிடம் ஒரே ஒரு முறை காட்டுங்கள். அவர் பார்க்க வேண்டியவை: இதயத்தின் கீழ்ப்பக்கத்தைக் காட்டும் ‘2’, ‘3’, ‘ஏ.வி.எஃப்.’ என்ற பெயருள்ள லீடுகளில் மேடு 2 மி.மீ.க்கு மேல் இருக்கிறதா, அதற்குப் பிறகு கோடு மேலேறுகிறதா, படுக்கையாகவோ இறங்கியோ போகிறதா. விளையாட்டு வீரர்களிடம் பெரும்பாலும் காணப்படும் மேலேறும் கோட்டில் பின்லாந்து ஆய்வாளர்கள் கூடுதல் ஆபத்தைக் காணவில்லை. ரத்த உறவில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலோ, ஓடும்போதோ சும்மா இருக்கும்போதோ முன்னறிவிப்பின்றி நீங்கள் மயங்கி விழுந்தாலோ கதை வேறு. அப்போது எக்கோ (இதய ஸ்கேன்), ஹோல்டர் (நாள் முழுக்க உடலில் மாட்டி எடுக்கும் ஈ.சி.ஜி.) சோதனைகளோடு, இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கான நிபுணரின் கருத்தும் அவசியம்.

தாளைப் படம் பிடித்து செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வடிவம் மாரடைப்பின் ஈ.சி.ஜி.யைப் போலத் தோன்றக்கூடும். அவசர சிகிச்சைப் பிரிவில் பழைய தாள் இருந்தால் ஒப்பிட உதவும். அதற்காக, நாளை உண்மையிலேயே நெஞ்சுவலி வந்தால் ‘எனக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். உடனே போய்ப் புது ஈ.சி.ஜி.யும் இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.